பென்னிகுவிக் சாமியும் ரேகைச் சட்டமும்: கம்பம் பள்ளத்தாக்கில் மரபு, நவீனம், நாவல்

பின்காலனிய நாவல் என்று பேச்செடுத்தால் போதும், ஒரு வாய்ப்பாடு தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. முதலில் மரபு இருந்தது: ஊர், குலசாமி, பங்காளி, களத்துமேடு. பிறகு வெள்ளைக்காரன் வந்தான். கூடவே கோர்ட்டு, பள்ளிக்கூடம், போலீஸ் ஸ்டேஷன். இரண்டும் மோதின, மரபு சிதைந்தது, அந்தச் சிதைவின் ஒப்பாரிதான் நாவல். சினுவா அச்செபேயின் 1958ஆம் வருட நாவல் 'சிதைவுகள்' என்று தமிழில் வந்து, அதைப் படித்து, அதே கண்ணாடியை மாட்டிக்கொண்டு நம்மூர் நாவல்களைப் பார்ப்பது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. அச்செபே அவ்வளவு சுலபமாக எழுதவில்லை என்பதை மட்டும் மறந்துவிட்டோம். அவருடைய நாவலில் வெள்ளைக்காரப் பாதிரியின் பின்னால் முதலில் போகிறவர்கள் யார்? இரட்டைப் பிள்ளை பெற்ற பாவத்துக்காகப் பிள்ளைகளைக் காட்டில் எறியக் கொடுத்த தாய்மார், ஊருக்குள் ஒட்ட முடியாத தீண்டத்தகாதவர்கள். மரபு ஏற்கெனவே யாரையெல்லாம் மிதித்து வைத்திருந்ததோ அவர்கள்தான். அந்த நாவலின் கடைசிப் பத்தியில் ஒரு கலெக்டர், தூக்கில் தொங்கிய ஒரு மனிதனின் கதையைத் தன் புத்தகத்தில் எத்தனை வரிக்குள் அடக்கலாம் என்று யோசித்துக்கொண்டே நடந்துபோகிறான். மோதல் என்ற சொல்லுக்குள் அடங்காத ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது.

கம்பம் பள்ளத்தாக்கில் இந்த வாய்ப்பாடு இன்னும் மோசமாகத் தடுமாறுகிறது. ஏனென்றால் இங்கே வெள்ளைக்காரன் சாமியாகிவிட்டான்.

கூடலூரிலிருந்து தேனி வரை எந்த டீக்கடையில் வேண்டுமானாலும் ஏறிப் பாருங்கள். முருகன் படம், அவரவர் கட்சித் தலைவர் படம், அவரவர் சாதித் தலைவர் படம், பக்கத்திலேயே மீசை வைத்த ஒரு துரையின் படம். கர்னல் ஜான் பென்னிகுவிக். பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். பாலார்பட்டியில் அவர் பெயரைச் சொல்லிப் பொங்கல் வைக்கிறார்கள். அவர் பிறந்த ஜனவரி 15 தைப்பொங்கலை ஒட்டி வருவது வேறு வசதியாகப் போய்விட்டது. 2013இல் லோயர்கேம்ப்பில் அரசே மணிமண்டபம் கட்டித் திறந்தது. காலனியத்தைப் பற்றி நாம் எழுதிக் குவித்திருக்கிற கட்டுரைகளையெல்லாம் கொண்டுபோய் அந்த மண்டபத்து வாசலில் வைத்துப் படித்தால் ஊர்க்காரர் என்ன சொல்வார்? "அதெல்லாஞ் சரிதேன். தண்ணி குடுத்தவன் யாரு?" என்பார். இந்தக் கேள்வியை 'மக்களின் போலி உணர்வுநிலை' என்று தள்ளிவிட்டுப் போகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை உதவாது.

முதலில் தண்ணீர்க் கணக்கைப் பார்த்துவிடலாம். மேற்கே அரபிக்கடலுக்குப் போகிற பெரியாற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பலாம் என்ற யோசனை வெள்ளைக்காரன் மூளையில் மட்டும் உதித்ததல்ல. 1789 வாக்கிலேயே இராமநாதபுரம் பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆளனுப்பிப் பார்த்திருக்கிறார். 1808இல் கால்டுவெல் என்ற கேப்டன் (பாதிரியார் கால்டுவெல் அல்ல) வந்து அளந்துவிட்டு, இது ஆகாத காரியம் என்று எழுதிவிட்டுப் போனார். 1850இல் சின்னதாக ஒரு முயற்சி, அதுவும் நின்றுபோனது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். அதற்குப் பிறகுதான் சென்னை ராஜதானிக்கு அவசரம் பிறந்தது. 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூரோடு ஒப்பந்தம்: 8000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய், வருஷத்துக்கு 40,000 ரூபாய், 999 வருஷக் குத்தகை. 1887இல் வேலை தொடங்கி, வெள்ளம் வந்து கட்டினதை அடித்துக்கொண்டு போய், திரும்பக் கட்டி, 1895 அக்டோபர் 10இல் கவர்னர் வென்லாக் திறந்துவைத்தார். மலைக்குள் 5,704 அடி சுரங்கம். சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் சேர்ந்த அணை. இன்றைக்குப் பாசனக் கணக்கில் லோயர்கேம்ப் தொடங்கி பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோகம் என்று எழுதுகிறார்கள். அதற்குமேல் மதுரை, மேலூர் வரை போகிற தண்ணீர் தனி.

இந்தக் கதையை ஊர் எப்படிச் சொல்கிறது? பாதி அணை கட்டியபோது வெள்ளத்தில் போயிற்று, சர்க்கார் கைவிரித்தது, துரை சீமைக்குப் போய்த் தன் சொத்தையும் பெண்டாட்டி நகையையும் விற்றுப் பணம் கொண்டுவந்து கட்டி முடித்தார். சினிமாவும் மேடைப்பேச்சும் அரசு விளம்பரமும் இதையே சொல்கின்றன. அணையில் கூடவே வேலைபார்த்த எஞ்சினியர் ஏ.டி. மெக்கன்சி 1899இல் பெரியாறு திட்டத்தின் வரலாற்றைப் புத்தகமாக எழுதினார். அதில் இருப்பது அரசுப் பணத்தில் நடந்த ஒரு அரசு வேலையின் கதை. நகை விற்ற கதைக்கு ஆவணம் இல்லை.

ஆவணம் இல்லை என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்ததா? இங்கேதான் நம் பகுத்தறிவு ஆய்வாளர்கள் கடையைச் சாத்திக்கொண்டு போய்விடுகிறார்கள். வாய்மொழிக் கதைக்கு ஆவணம் கிடையாதுதான், ஆனால் வடிவம் உண்டு. கண்மாய், ஏரி, மடை பற்றித் தமிழ்நாட்டில் சொல்லப்படுகிற கதைகளை நினைத்துப் பாருங்கள். கரை நிற்காது. கட்டக் கட்ட உடைப்பெடுக்கும். பலி கேட்கும். கன்னிப்பெண்ணோ, நிறைசூலியோ, பெரும்பாலும் கீழ்ச்சாதியில் பிறந்த ஒருவரைக் கரையில் வைத்துப் பலி கொடுப்பார்கள். கரை நிற்கும். பலியானவர் பிறகு மடைக்கருகில் சாமியாக நிற்பார். அவருக்குப் பொங்கல் வைக்காமல் மடை திறக்க மாட்டார்கள். உழைப்பையும் கொலையையும் குற்றவுணர்வையும் ஒரே முடிச்சில் போட்டு வைத்த கதைவடிவம் அது. கொன்றவர்கள் கும்பிடவாவது கடமைப்பட்டவர்கள் என்று அது சொல்லியது.

பென்னிகுவிக் கதை அப்படியே இந்த அச்சில் வார்க்கப்பட்டது. கட்டக் கட்ட உடைப்பு, பலி, சாமி, பொங்கல் எல்லாம் இருக்கிறது. ஒரே ஒரு மாற்றம், பலியாக நிற்பது துரையின் சொத்து. காட்டுக்காய்ச்சலிலும் காலராவிலும் அணைக்கட்டில் செத்தவர்கள், நோயில் செத்தவர்கள் மட்டுமே, 483 பேர் என்று கணக்கு இருக்கிறது. அணைக்குப் பக்கத்திலேயே இடுகாடு. பழைய கதையின் நியாயப்படி மடைச்சாமிகளாக எழுந்திருக்க வேண்டியவர்கள் அவர்கள். எழுந்திருக்கவில்லை. தியாகம் கூலியாளிடமிருந்து அதிகாரிக்குக் கைமாறிவிட்டது. மரபு இங்கே நவீனத்தோடு மோதவுமில்லை, அதன் கீழ் நசுங்கவுமில்லை. தன் வாயைத் திறந்து நவீனத்தை விழுங்கியது. விழுங்கும்போது மரபிடம் இருந்த கொஞ்சநஞ்ச நியாயத்தையும் கழற்றி வைத்துவிட்டு விழுங்கியது.

இதைச் சொல்வது பள்ளத்தாக்குக்காரர்களைப் பழிப்பதற்கல்ல. 1979இல் நீர்மட்டத்தை 136 அடிக்குக் குறைத்ததிலிருந்து, 2006 தீர்ப்பு, அதை முறிக்கக் கேரளச் சட்டமன்றம் போட்ட சட்டம், 2014 மே மாதம் உச்சநீதிமன்றத் தீர்ப்பு வரை இந்த ஜனங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 2011 டிசம்பரில் யாரும் தலைமை தாங்காமலே ஆயிரக்கணக்கில் குமுளியை நோக்கி நடந்தார்கள். அந்த நடையில் பென்னிகுவிக் படம் ஒரு பட்டா மாதிரி பயன்பட்டது. இந்தத் தண்ணீர் எங்களுடையது என்று காட்ட அவர்களிடம் வேறு என்ன சாட்சி இருக்கிறது? ஆனால் பட்டாவில் ஒரு பெயர்தான் எழுத முடியும் என்பதும் உண்மை.

*

அணை திறந்த அடுத்த வருஷம், 1896இல், இதே மதுரை ஜில்லாவில் நடந்த ஒரு காரியத்தைப் பற்றி நம் நாவலாசிரியர்களும் வரலாற்றாசிரியர்களும் அதிகம் பேசுவதில்லை. திண்டுக்கல் பக்கம் தொடங்கிப் பல நூறு ஊர்களில் குடியானவர்கள் ஒன்றுசேர்ந்து கள்ளர்களை ஊரைவிட்டு விரட்டினார்கள். வீடுகளைக் கொளுத்தினார்கள். அம்மையப்பக் கோன் என்பவர் தலைமை. மாடு களவு போனால் ஈடு கொடுக்க ஊர்தோறும் பணம் வசூலித்து நிதி வைத்தார்கள். அதற்குப் பெயர் 'பண்டு'. ஆங்கிலத்து 'ஃபண்டு'தான். 1906இல் வந்த பிரான்சிஸின் மதுரை கெசட்டியரில் இது பதிவாகியிருக்கிறது. நம் காலத்தில் ஆனந்த் பாண்டியன் இதைத் தோண்டி எடுத்து விரிவாக எழுதினார். கம்பம் பள்ளத்தாக்கிலேயே தங்கிப் பிரமலைக் கள்ளர் விவசாயிகளைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 2009இல் வந்தது.

ஏன் விரட்டினார்கள்? காவல் முறையை விளங்கிக்கொள்ளாமல் இது விளங்காது. ஊருக்குக் கள்ளர் காவல். காவலுக்கு வருஷக் கூலி. களவு போனால் காவல்காரன் கண்டுபிடித்துத் தர வேண்டும், இல்லையென்றால் ஈடு தர வேண்டும். காவல் கொடுக்க மறுக்கிற ஊரில் மாடு காணாமல் போகும். பிறகு துப்புக்கூலி கொடுத்து மீட்டுக்கொள்ள வேண்டும். களவும் காவலும் ஒரே கயிற்றின் இரண்டு முனை. இதைச் சிலர் 'மக்களின் சுயாட்சி' என்று கொண்டாடுகிறார்கள். வேறு சிலர் 'கொள்ளை' என்கிறார்கள். கூலி வாங்கினவனுக்கு அது மானியம், கொடுத்தவனுக்கு அது பயம். இரண்டும் மெய்தான்.

1896இல் குடியானவர் செய்தது என்ன? சர்க்கார் போலீஸ் வந்துவிட்டது, இனி உன் காவல் எதற்கு என்று கேட்டார்கள். தாங்கள் நவீன அரசின் நேரடிக் குடிமக்கள் என்று அறிவித்துக்கொண்டார்கள். நிதி, வசூல், சங்கம் என்று எல்லாம் புதுமுறை. கொளுத்தியது மட்டும் பழைய முறை. நவீனத்தின் சொல்லை வாயில் வைத்துக்கொண்டு மரபின் தீப்பந்தத்தைக் கையில் எடுத்தார்கள். இதில் எது மரபு, எது நவீனம்? எந்தப் பக்கம் நின்று ஒப்பாரி வைப்பது? அணைக்கும் இதற்கும் நேர்க் காரண காரியம் உண்டு என்று நான் சொல்ல வரவில்லை. தேதிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, அவ்வளவுதான்.

வெள்ளை அரசு இந்தக் கலகத்தை அடக்க ஆளனுப்பியது. ஆனால் குடியானவர் சொன்ன தர்க்கத்தைப் பத்திரமாக ஃபைலில் எடுத்து வைத்துக்கொண்டது. ஒரு சாதி முழுக்கப் பிறவிக் குற்றவாளி. 1871இல் வடக்கே போட்ட குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911இல் திருத்தப்பட்டுச் சென்னை ராஜதானிக்கும் வந்தது. 1914இல் கீழக்குயில்குடிக் கள்ளர்மேல் பாய்ந்தது. பிறகு சில வருஷங்களில் பிரமலைக் கள்ளர் அத்தனை பேருக்கும். ஜனங்கள் வைத்த பெயர் ரேகைச் சட்டம். ஆம்பளைகள் பத்து விரலையும் மையில் தோய்த்து வைக்க வேண்டும். ராத்திரி ஆனால் ஸ்டேஷனிலோ மந்தையிலோ படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு. ஒருவன் பொண்டாட்டி பக்கத்தில் படுப்பதா வேண்டாமா என்பதைப் போலீஸ்காரன் தீர்மானித்தான். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றவர்களைச் சுட்டார்கள். 16 பேர் செத்ததாகக் கணக்கு. அதில் ஒருவர் மாயக்காள் என்கிற பெண். சட்டம் போய்ச் சேர 1947 ஆயிற்று.

அந்த நாளில் கள்ளருக்காக வழக்காடியவர் செங்கன்னூரிலிருந்து மதுரைக்கு வந்த வக்கீல் ஜார்ஜ் ஜோசப். கோட்டில் ரோசாப்பூ வைத்திருப்பார் என்பதால் 'ரோசாப்பூ துரை'. அவருடைய பெயரையும் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். இந்த மண்ணுக்கு வெளியாட்களைப் பங்காளியாக்கிக்கொள்கிற கலை தெரியும். அணை கட்டியவரும் உள்ளே வந்துவிட்டார், வழக்காடியவரும் உள்ளே வந்துவிட்டார். 1896இல் தன் வீட்டைக் கொளுத்திய பக்கத்து ஊர்க்காரனைத்தான் எந்தக் கதையில் வைப்பது என்று தெரியவில்லை. 1920க்கு நினைவுத்தூண் இருக்கிறது, வருஷா வருஷம் அஞ்சலி உண்டு, எதிரி வெள்ளைக்காரன் என்பதால் எல்லாக் கட்சியும் மாலை போடலாம். 1896க்கு யார் மாலை போடுவார்கள்? போட்டால் இன்றைக்குத் தேர்தல் கூட்டணி என்னாவது?

நாவலுக்கு வருவோம். சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' 2008இல் வந்தது, 2011இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய நாவல். பரிசு வருவதற்கு முன்னும் பின்னும் நடந்த சண்டைகள் நமக்குத் தெரியும். அதில் பெரும்பாதி இலக்கியச் சண்டையே அல்ல. மதுரைக் கோட்டை இடிப்பும் தாதனூர்க் கள்ளரின் களவும் காவலும் பஞ்சமும் அதில் இருக்கின்றன. அந்த உழைப்புக்கு மரியாதை உண்டு. காவல் என்பதை ஒரு நிறுவனமாக, தனக்கென்று கணக்கு வழக்குள்ள ஒரு ஆட்சிமுறையாகத் தமிழ் நாவலில் முதன்முறை பெரிய அளவில் எழுதிக்காட்டியது அதுதான்.

என் சங்கடம் வேறு. அந்த நாவலின் மூலப்பொருளில் பெரும்பங்கு காலனிய ஆவணம். கெசட்டியர், போலீஸ் அறிக்கை, கலெக்டர் கடிதம். 'இவன் கள்ளன்' என்று எழுதிய அதே தாளை எடுத்து, குற்றம் என்று இருந்த இடத்தில் வீரம் என்றும், தந்திரம் என்று இருந்த இடத்தில் கலை என்றும் எழுதினால் தீர்ப்பு மாறும். வழக்கு மாறுவதில்லை. கன்னம் வைக்கிற நுட்பத்தில் மயங்கி மயங்கிப் படிக்கிறோம். படித்து முடிக்கும்போது கள்ளன் என்ற அடையாளம் இன்னும் பலமாக நிற்கிறது, தலையில் கிரீடத்தோடு. அச்செபேயின் கலெக்டர் எழுத நினைத்த புத்தகத்தை நாமே பெருமையோடு எழுதிக் கொடுத்துவிட்டோமோ என்ற சந்தேகம் எனக்குண்டு. உழுது, கிணறு வெட்டி, ஆடு மேய்த்து, எந்தக் களவுக்கும் போகாமலே ரேகை வைத்த ஆயிரக்கணக்கான பேர் இருக்கிறார்களே, அவர்களுக்குக் கதை வேண்டாமா? அவர்கள் வாழ்க்கையில் சாகசம் இல்லை. ராத்திரி மந்தையில் கொசுக்கடியில் படுத்துக் கிடந்தது மட்டும்தான் உண்டு.

ரேகைச் சட்டத்தோடு சேர்ந்து வந்த இன்னொன்று 'சீரமைப்பு'. கள்ளர் சீரமைப்புத் துறை, கள்ளர் பள்ளிகள், கூட்டுறவுச் சங்கங்கள். ஒரு கை ரேகை எடுத்தது, மறு கை சிலேட்டுப் பலகை கொடுத்தது. அந்தப் பள்ளிகள் இன்றைக்கும் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் 'அரசு கள்ளர் சீரமைப்புப் பள்ளி' என்ற பலகையோடு நடக்கின்றன. அந்தப் பெயரை மாற்றுவது, பள்ளிகளை வேறு துறையோடு இணைப்பது என்று பேச்சு வரும்போதெல்லாம் எதிர்ப்பு வருகிறது. அவமானத்தின் பலகை உரிமையின் பலகையாகிவிட்டது. பின்காலனியக் கோட்பாடு பேசுகிறவர்கள் 'இருமனப்போக்கு' என்று இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அந்தச் சொல்லுக்குள் ஒரு பள்ளிக்கூடத்து மதியச் சோற்று வாசனை வருமா, தெரியவில்லை. இந்தப் பலகையின் கீழே நின்று யாராவது ஒரு நாவல் எழுத வேண்டும்.

*

இரண்டாவது அணை வைகை அணை. 1959 ஜனவரியில் காமராசர் திறந்துவைத்தது. இதில் வெள்ளைக்காரன் இல்லை. நம்ம சர்க்கார், நம்ம எஞ்சினியர், நம்ம ஐந்தாண்டுத் திட்டம். 1957 வாக்கில் ஆற்றங்கரை ஊர்கள் காலி செய்யப்பட்டன. அப்படிப் பெயர்ந்த ஊர்களில் ஒன்று மெட்டூர். அங்கிருந்து வடுகபட்டிக்குக் குடும்பத்தோடு வந்த சிறுவன் பின்னாளில் வைரமுத்து. ஆனந்த விகடனில் தொடராக வந்து 2001இல் புத்தகமான 'கள்ளிக்காட்டு இதிகாசம்' அந்த முங்கிப்போன ஊர்களின் கதை. 2003இல் அதற்கும் சாகித்திய அகாதெமி.

வெகுஜனப் பத்திரிகைத் தொடர் என்று சிறுபத்திரிகைக்காரர்கள் இதைத் தொடாமலே விட்டது தவறு. தேனி மாவட்டத்துப் பேச்சு, கிணறு வெட்டுகிற விவரம், ஆடு மாட்டு வைத்தியம், ஒரு கிழவனின் வைராக்கியம் எல்லாம் அதில் மெய்யாக இருக்கிறது. பேயத்தேவர் ஏறிவரும் தண்ணீரில் சாகிற முடிவு லட்சக்கணக்கான வாசகரை அழவைத்தது. அந்த அழுகைக்கு ஒரு வரலாற்று மதிப்பு உண்டு. சுதந்திர இந்தியாவின் 'கோயில்கள்' என்று அணைகளைச் சொல்லிக்கொடுத்த பாடப்புத்தகத்துக்கு எதிராக ஒரு வெகுஜனப் பத்திரிகை பக்கம் பக்கமாக ஒப்பாரியை அச்சடித்தது சாதாரணக் காரியமா?

ஆனால் தலைப்பைப் பாருங்கள். இதிகாசம். அடுத்து எழுதியது 'கருவாச்சி காவியம்'. நாவல் என்ற நவீன வடிவத்தை எடுத்துக்கொண்டு அதற்கு இதிகாசம், காவியம் என்று பழைய பட்டுத்துணியைப் போர்த்த வேண்டிய அவசியம் எங்கிருந்து வருகிறது? இதிகாசத்தில் ஒரு வசதி இருக்கிறது. அதில் அழிவு விதியால் வருகிறது. தண்ணீர் பிரளயம் மாதிரி வந்துவிடும். கோப்பில் கையெழுத்துப் போட்டவன், நில எடுப்புத் தாசில்தார், மதகுக்குக் கீழே யாருக்கு எவ்வளவு பாசனம் என்கிற கணக்கு இவையெல்லாம் பிரளயத்தில் கரைந்துபோகும். இழந்தவன் பெரியவனாகிறான், இழக்க வைத்தது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

இன்னொன்றும் உண்டு. இழப்பை அளக்கிற கோல் எது? வீடு, நிலைக்கதவு, கிணறு, காடு கரை. இவையெல்லாம் இருந்தவர்தான் இழக்க முடியும். நஷ்டஈடும் பட்டாவைப் பார்த்துத்தான் வந்திருக்கும். அந்தக் கரையில் பட்டா இல்லாமல் கூலிக்கு நின்ற அருந்ததியர், பறையர், பள்ளர் வீடுகளில் தண்ணீர் ஏறியபோது என்ன முங்கியது? ஊர் ஒரு குடும்பம் என்று பாடுகிற கதையாடலில் சேரிக்குத் தனியாக வெள்ளம் வர முடியாது. ஊர் முங்கினால் சாதியும் முங்குமா? முங்கவில்லை. புதுக் குடியிருப்பில் காலனி தனியாகத்தான் எழும்பும், பழைய ஊரைவிட நேர்க்கோடாக.

ஆண்டிபட்டி, உசிலம்பட்டிப் பக்கத்துப் புன்செய் ஜனங்களுக்கு இந்த அணைத் தண்ணீர் கண்ணுக்கு எட்டியதாகவும் கைக்கு எட்டாததாகவும் இருந்தது. உசிலம்பட்டிப் பக்கம் 58 கிராமக் கால்வாய்க்காகப் பல பத்தாண்டுகள் மறியலும் மனுவுமாக அலைந்தார்கள். முதல் அணைக்கு ஒரு துரை கிடைத்தார், சாமியாக்கினார்கள். இரண்டாவது அணைக்கு ஒரு பலி கிடைத்தது, நாயகனாக்கினார்கள். கால்வாய்க்கு மனுப்போட்டு அலைந்தவன் இரண்டு கதையிலும் இல்லை.

தேனியிலேயே இருந்து எழுதுகிறவர்கள் வேறு பாதையில் போயிருக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. ம. காமுத்துரையின் 'மில்' இருக்கிறது. கல்யாண வீடுகளில் அடுப்படியில் வேகிற சமையல்காரர்களைப் பற்றி அவர் எழுதிய 'குதிப்பி' இருக்கிறது. தேனி சீருடையானின் 'நிறங்களின் உலகம்' பார்வையற்றோர் பள்ளியின் உலகம். இவற்றில் நவீனம் ஒரு நாள் வந்து கரையை உடைத்த வெள்ளமில்லை. ஷிப்டு சங்கு, முன்பணம், கடன், ஆஸ்பத்திரி வராந்தா என்று தினசரி வருவது. மரபும் அப்படித்தான் தினசரி வருகிறது, பந்தியில் யார் எங்கே உட்காருவது என்பதாக. இரண்டும் மோதுகிற சத்தமே கேட்பதில்லை. ஒன்றுக்கு ஒன்று வேலை செய்துகொடுத்துக்கொண்டு ஒரே கூரைக்குக் கீழே இருக்கின்றன. இந்த நாவல்களுக்குப் பெரிய பரிசும் வரவில்லை, பெரிய சண்டையும் நடக்கவில்லை.

மலையை மறந்துவிட்டோம். பள்ளத்தாக்குக்கு இரண்டு பக்கமும் மலை. பெரியாற்றுத் தண்ணீர் மேற்கிலிருந்து இறங்கி வருகிறதென்றால், விடிகாலையில் ஜீப்புகளில் கூலியாட்கள் கிழக்கிலிருந்து ஏறிப் போகிறார்கள், போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்டங்களுக்கு. 1956இல் மொழிவழி மாநிலக் கோடு மலை உச்சியில் விழுந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போயின. 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்டு வேட்பாளர் ரோசம்மா புன்னூசுக்காகத் தோட்டத் தமிழரிடம் பாட்டுப் பாடி ஓட்டுக் கேட்டவர் பண்ணைப்புரம் பாவலர் வரதராசன். இளையராஜாவின் அண்ணன் என்று சொன்னால்தான் பலருக்குத் தெரியும். கோடு போட்ட இரண்டே வருஷத்தில் அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு பாட்டு போயிருக்கிறது. 2011இல் அதே கோட்டில் இரண்டு பக்கமும் கல்லெறிந்துகொண்டபோது, தோட்டத்தில் மாட்டிக்கொண்டு வெறுங்கையோடு இறங்கி வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அணையைப் பற்றிய சண்டையில் அவர்களுக்கு இருந்த பங்கு, கூலி போனது.

அந்த மலைப்பாதையை வைத்து 2018இல் ஒரு படம் வந்தது. லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை'. சினிமா என்று ஒதுக்கிவிடாமல் இந்த மண்ணின் கதைகளோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டிய படம். ரங்கசாமி என்பவன் ஏலக்காய் மூட்டை சுமக்கிறவன். ஒரு துண்டு நிலம் வாங்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அவன் வாழ்க்கையில் குலப்பெருமை இல்லை, களவுச் சாகசம் இல்லை, பிரளயமும் இல்லை. கடன், உரம், விதை, சங்கத்துக்காரர்களின் சண்டை, ஒரு கொலை வழக்கு, ஜெயில். நிலம் வந்த வழியே போகிறது. எந்தத் துரையும் வந்து பிடுங்கவில்லை. கையெழுத்துப் போட்டு, சட்டப்படி, பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தவன் வழியாகவே போகிறது.

கடைசியில் அவன் நிலத்தில் காற்றாலை நிற்கிறது. அதற்குக் காவல்காரன் வேண்டும். கம்பெனி உடுப்பை மாட்டிக்கொண்டு ரங்கசாமி அங்கே உட்கார்ந்திருக்கிறான். மாதச் சம்பளம். களவு போனால் ஈடு கொடுக்க வேண்டியதில்லை, துப்புக்கூலியும் கிடையாது. தலைக்குமேல் இறக்கை சுற்றிக்கொண்டிருக்கிறது. பதிவேட்டில் ஷிப்டுக்கு ஷிப்டு கையெழுத்துப் போட வேண்டும். இப்போதெல்லாம் பல கம்பெனிகளில் அதற்கும் ரேகைதான் வைக்கச் சொல்கிறார்கள்.